அன்-னா 'இல்லை'ன்னு யாருங்க சொன்னது?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டு இருந்த பதிவு இது. இங்கிலீஷ் இலக்கணம்னு தெரிஞ்சதும் ஓடிடாதீங்க மக்களே. நான் வாத்தியார் இல்லை. சிங்கப்பூர்ல ஒரு ஆபீஸ்ல கொள்முதல் பிரிவுல குப்பை கொட்டுற சாதாரண ஆள். பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் ரெண்டாம் தாள்னாலே எனக்கு வயித்தைக் கலக்கும். ஆனா ரெண்டே ரெண்டு எழுத்து முன்னொட்டு ஒண்ணு, நாப்பது வயசு மனுஷனை எப்படித் தலைகுனிய வச்சதுன்னு பக்கத்து சீட்டுல இருந்து பார்த்தேன். அதை எழுதாம விட மனசு வரலை.

நம்ம நண்பர் சீனாவில் சிச்சுவான் பக்கத்துக்காரர். பேர் வேண்டாம், தோழர்னே வச்சுக்குவோம். கணக்குல புலி. எக்செல் ஷீட்டை அவர்கிட்ட குடுத்தா அது தானா பேசும். இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் தகராறு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல உக்காந்து வார்த்தைப் பட்டியல் மனப்பாடம் பண்ணுவார். பொண்ணை ஊர்ல விட்டுட்டு வந்திருக்கார், இங்கிலீஷ் சரளமா வந்தா அடுத்த நிலை வேலைக்கு மனுப் போடலாம், சம்பளம் கூடினா குடும்பத்தைக் கூட்டிட்டு வரலாம். அவ்வளவுதான் கனவு.

ஒருநாள் புதுசா ஒரு அமெரிக்க சப்ளையரோட ஆண்டறிக்கையைப் படிச்சு சுருக்கம் எழுதித் தரச் சொன்னாங்க. அதுல தணிக்கையாளர் 'அன்குவாலிஃபைடு ஒப்பீனியன்' குடுத்திருக்கார்னு ஒரு வரி. தோழர் ராத்திரி பூரா யோசிச்சு, "இந்த நிறுவனம் தணிக்கையில் தேறவில்லை, ஆர்டரை நிறுத்தி வைப்பது நல்லது"ன்னு எழுதி அனுப்பிட்டார். ஆர்டர் ஒருநாள் நின்னுபோச்சு.

மறுநாள் மீட்டிங்ல கணக்குப் பிரிவு ஆள் ஒருத்தர் விளக்கினார். ஒரு கம்பெனிக்குத் தணிக்கையாளர் குடுக்கறதுலயே நல்ல சான்றிதழ் அதுதானாம். எல்லாரும் சிரிச்சாங்க. தோழரும் கூடச் சேர்ந்து சிரிச்சார். ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எந்த மீட்டிங்லயும் அவர் வாயைத் திறக்கலை.

சரி, தப்பு எங்க நடந்துச்சு?

'குவாலிஃபை'ங்கிற வார்த்தைக்கு ரெண்டு முகம் உண்டு. ஒண்ணு, தகுதி பெறுறது. இன்னொண்ணு, ஒரு கருத்தைச் சொல்லிட்டு "ஆனா..."ன்னு இழுக்கறது. தணிக்கைக்காரங்க பேசுறது ரெண்டாவதை. 'அன்குவாலிஃபைடு'ன்னா அந்த "ஆனா" இல்லாத, மனசாரக் குடுத்த சான்று. 'குவாலிஃபைடு'ன்னா "கணக்கு சரிதான், ஆனா இந்த இடத்துல மட்டும்..."ன்னு ஒரு கொக்கி போட்ட சான்று. காதுக்கு நல்லா ஒலிக்கிறதுதான் கெட்டது! சர்வதேசத் தணிக்கைத் தரங்கள்ல இப்ப இதை 'அன்மாடிஃபைடு'ன்னு மாத்திட்டாங்க. அமெரிக்கப் பங்குச்சந்தைக் கம்பெனிகளோட அறிக்கைகள்ல பழைய வார்த்தை இன்னும் இருக்கு.

தோழர் போட்ட கணக்கு ரொம்ப எளிமை. அன் என்றால் 'பூ'. (நம்ம பூ இல்லைங்க, சீன மொழியில 'பூ'ன்னா மறுப்பு.) குவாலிஃபைடு என்றால் 'ஹெகெ', அதாவது தேறியது. ரெண்டையும் சேர்த்தா 'பூ ஹெகெ', தேறாதது. சீனத் தொழிற்சாலைகள்ல தரம் இல்லாத சரக்குக்குச் சொல்ற வார்த்தையே இதுதான். அதை அப்படியே இங்கிலீஷாக்கி, 'அன்குவாலிஃபைடு புராடக்ட்'னு எழுதி வர்ற பரிசோதனை அறிக்கைகளை நானே நிறையப் பார்த்திருக்கேன். இங்கிலீஷ்காரன் அதை 'டிஃபெக்டிவ்' இல்லேன்னா 'ரிஜெக்ட்'னு சொல்லுவான்.

இப்ப முக்கியமான விஷயம். தணிக்கை அறிக்கையில வர்ற அந்தச் சொல்லுக்குச் சீன மொழியில என்ன பேர் தெரியுமா? 'வூ பாவ்லியூ'. 'பாவ்லியூ'ன்னா மனசுல ஒண்ணை நிறுத்தி வச்சுக்கறது, 'வூ'ன்னா அது இல்லாம. அதாவது தோழரோட தாய்மொழி இந்த ரெண்டு 'அன்'னையும் ரெண்டு தனி எழுத்தா ஏற்கனவே பிரிச்சு வச்சிருக்கு. அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவங்கதான் ரெண்டையும் ஒண்ணாக் குழப்பி 'அன் = பூ'ன்னு ஒரே ஃபார்முலாவா ஊட்டிட்டாங்க.

என் கட்சி இதுதான் மக்களே. சீன மொழி பேசுறவங்களுக்கு முன்னொட்டைப் பட்டியல் போட்டுச் சொல்லிக்குடுக்கறதை விட, அவங்க மொழியில இருக்கிற விதவிதமான 'இல்லை'களை வச்சே சொல்லிக்குடுக்கணும்.

பட்டியல் மேல எனக்குக் கோபம் எல்லாம் கிடையாது. பெய்ஜிங்ல 1993-ல நியூ ஓரியண்டல் பயிற்சி மையத்தை ஆரம்பிச்ச யூ மின்ஹாங், ஜிஆர்இ பரீட்சைக்கு ஒரு சொல் புத்தகம் எழுதினார். அட்டை நிறத்தை வச்சு மாணவர்கள் அதுக்கு 'சிவப்புப் பொக்கிஷப் புத்தகம்'னே பேர் வச்சாங்க. வேர்ச்சொல், ஒட்டுச்சொல்லுன்னு வார்த்தையைப் பிச்சுப் பிச்சு மனசுல ஏத்துற முறை. அமெரிக்கா போய்ப் படிச்ச எத்தனையோ பேருக்கு அதுதான் துணை. ஆயிரக்கணக்கான வார்த்தையைக் கொஞ்ச மாசத்துல விழுங்கணும்னா வேற வழியும் இல்லை.

அங்க ஒரு பழைய ஜோக் உண்டு. அகரவரிசைப் புத்தகத்தை ஆசையாத் திறந்தா வர்ற முதல் வார்த்தையே 'அபாண்டன்', அதாவது கைவிடு! பாதிப் பேர் அதோட புத்தகத்தைக் கைவிட்டுடறாங்களாம் :-) இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. 'ஆப்'ங்கிற முன்னொட்டுக்கு 'விலகி'ன்னு அர்த்தம்னு பட்டியல் சொல்லும். அபாண்டனை அப்படிப் பிரிச்சா பொருத்தமாத்தான் தெரியும். ஆனா அந்த வார்த்தை வந்தது பழைய பிரெஞ்சுல 'ஆ பாண்டோன்'ங்கிற தொடர்ல இருந்து. இன்னொருத்தர் இஷ்டத்துக்கு ஒப்படைக்கறதுன்னு அதுக்கு அர்த்தம். அந்த 'விலகி' அங்க கிடையவே கிடையாது. ஃபார்முலா தப்பு, விடை மட்டும் சரி. இந்த மாதிரி குருட்டு அதிர்ஷ்டம்தான் நம்மை ரொம்ப நம்ப வச்சு அப்புறம் கவுத்துடும்.

நான் மட்டும் யோக்கியமா? வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் என் மேலாளர் மதிப்பீட்டுத் தாள்ல, என் உதவி 'இன்வேல்யுவபிள்'னு எழுதியிருந்தார். 'இன்'னா இல்லை, 'வேல்யு'ன்னா மதிப்பு, ஆக ஒண்ணுக்கும் உதவாதவன்னு எழுதிட்டார்னு நினைச்சு அன்னிக்குச் சாப்பாடே இறங்கலை. ஊருக்கு டிக்கெட் விலை எல்லாம் பார்த்துட்டேன். மதிப்பே போட முடியாத அளவுக்கு உசத்தின்னு அர்த்தமாம். நம்ம தமிழ்லயே 'மதிப்பில்லாத' வேற, 'விலைமதிப்பில்லாத' வேறன்னு அப்ப உறைக்கலை. இந்தக் கதையைச் சொன்னதும் தோழர் ரெண்டு மாசத்துக்கப்புறம் முதல் தடவையா வாய்விட்டுச் சிரிச்சார். "எங்க மொழியில அதுக்கு 'வூ ஜியா'ன்னு சொல்லுவோம், விலை இல்லாதது, பொக்கிஷம்"னார். பார்த்தீங்களா, அங்கயும் 'வூ'தான், 'பூ' இல்லை!

அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் ஆபீஸுக்குக் கீழ இருக்கிற காப்பிக்கடையில அரை மணி நேரம் உக்காருவோம். அவருக்குக் காப்பி-ஓ, எனக்குத் தே தாரிக். ஒரு பேப்பர்ல அவரோட 'இல்லை'களை வரிசையா எழுதச் சொன்னேன்.

முதல்ல 'பூ'. குணத்தை மறுக்கிறது. நியாயமில்லாத, வசதியில்லாத, நட்பில்லாத. 'அன்ஃபேர்', 'அன்கம்ஃபர்டபிள்', 'அன்ஃப்ரெண்ட்லி' எல்லாம் இந்த வீடு.

அடுத்து 'வெய்'. 'இன்னும் இல்லை'ன்னு அர்த்தம். கல்யாணம் ஆகாதவர் 'வெய் ஹுன்', இங்கிலீஷ்ல 'அன்மேரீட்'. முடிக்காத வேலை, தெரியாத எண், பணம் கட்டாத பில், இதெல்லாம் இங்க வரும். நாம கூட "கல்யாணம் இல்லை"ன்னு சொல்றதில்லையே, "ஆகலை"ன்னுதானே சொல்றோம்.

மூணாவது 'ஃபெய்'. இந்த வகையைச் சேர்ந்தது அல்லன்னு ஓரங்கட்டறது. இங்கிலீஷ்ல இதுக்குப் பெரும்பாலும் 'நான்'. 'நான் ப்ராஃபிட்'னா லாப நோக்கம் இல்லாத அமைப்பு, 'ஃபெய் யிங்லி'. 'அன்ப்ராஃபிடபிள்'னா லாபம் பார்க்க ஆசைப்பட்டு நட்டமான கடை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்க மாமா ஜவுளிக்கடை வச்சு முடிச்ச கதையைச் சொல்லி விளக்கினேன், டக்குன்னு புரிஞ்சுது :-)

நாலாவது 'வூ'. ஒண்ணு கிடையவே கிடையாதுங்கிறது. இன்வேல்யுவபிளும் தணிக்கைக்காரரோட அன்குவாலிஃபைடும் இங்க.

அஞ்சாவதுதான் பெரிய வில்லங்கம். 'அன்டூ', 'அன்லாக்', 'அன்லோட்', 'அன்டை'. இங்க 'இல்லை'யே இல்லை! செஞ்சதைத் திருப்பிச் செய்யறது. 'அன்லோட்'னா லோடு ஏத்தாததுன்னு எடுத்துக்கிட்டா துறைமுகத்துல வேலை பார்க்க முடியாது. வினைச்சொல் முன்னாடி ஒட்டுற இந்த அன், பிறப்புலயே வேற. மறுப்பு சொல்ற அன் ஒரு வம்சம், இந்தத் திருப்பிப்போடுற அன், ஜெர்மன் மொழியில இருக்கிற 'என்ட்'டோட சொந்தக்காரன். காலப்போக்குல ரெண்டும் ஒரே உச்சரிப்புக்கு வந்து ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்குது. சீன மொழியில அந்தக் குழப்பமே கிடையாது. பூட்டைத் திறக்கறது 'ஜியே ஸுவோ', சரக்கு இறக்கறது 'ஷியே ஹுவோ', ரத்து செய்யறது 'ச்சூ ஷியாவ்'. தனித்தனி வினைச்சொல். நாமளும் அப்படித்தானே? கட்டினதை அவிழ்ப்போம், பூட்டினதைத் திறப்போம், ஏத்தினதை இறக்குவோம்.

2009-ல ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதிக்காரங்க ஆண்டின் சொல்லா 'அன்ஃப்ரெண்ட்'டைத் தேர்ந்தெடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? முகநூல்ல சண்டை போட்டு நட்பை நீக்குறோமே, அதேதான். 'அன்ஃப்ரெண்ட்லி'யா இருக்க யாராலயும் முடியும். ஆனா ஒருத்தரை 'அன்ஃப்ரெண்ட்' பண்ண முதல்ல அவர் நண்பரா இருந்திருக்கணும். ஒரே அன், ஒரே ஃப்ரெண்ட், ஆனா ஒண்ணு குணம், இன்னொண்ணு செயல்.

இதே சூட்டோட 'டிஸ்'ஸையும் தொட்டோம். 'அன்குவாலிஃபைடு'ன்னா தகுதி இல்லாதவர், 'டிஸ்குவாலிஃபைடு'ன்னா போட்டியில இருந்து நீக்கப்பட்டவர். சீன மொழியில 'தகுதியை ரத்து செய்'ன்னே சொல்லுவாங்க. நீதிபதி 'டிஸ்இன்ட்ரஸ்டட்'டா இருக்கணும், அதாவது வழக்குல சொந்த லாபம் இருக்கக் கூடாது. அவர் 'அன்இன்ட்ரஸ்டட்'டா இருந்தா வாதம் நடக்கும்போது தூங்கிடுவார்!

இடையில ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. தமிழ்ல 'அல்ல' வேற, 'இல்லை' வேறன்னு தோழர்கிட்டச் சொன்னேன். "இது புலி அல்ல"ன்னா பூனையோ என்னவோ. "இங்கே புலி இல்லை"ன்னா காடு காலி. அவர் மேஜையைத் தட்டி, "முதல்லது 'பூ ஷி', ரெண்டாவது 'மெய் யோ'!"ன்னு கத்திட்டார். பக்கத்து மேஜைக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க. பேச்சுல நாம 'அல்ல'வைக் கிட்டத்தட்டத் தொலைச்சுட்டோம், எல்லாத்துக்கும் 'இல்லை'தான். அவங்க இன்னும் தொலைக்கலை.

சமஸ்கிருதத்துல இருந்து நமக்கு வந்த அநீதி, அபயம் இதுல எல்லாம் இருக்கிற 'அ', உயிரெழுத்துக்கு முன்னால 'அன்' ஆகிடும். அன் + ஏகம் = அநேகம். ஒண்ணு இல்லை, அதனால பல! இந்த 'அன்'னும் இங்கிலீஷோட மறுப்பு 'அன்'னும் ஒரே மூதாதையர் வழி வந்த பங்காளிங்க. லத்தீன் 'இன்'னும் கிரேக்க 'அ'வும் அதே குடும்பம்தான்.

"இதெல்லாம் ஓவரா இல்லையா, பரீட்சைக்கு மூணு மாசம் வச்சுக்கிட்டு இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா பரீட்சையில ஒரு மார்க் போனாப் போகட்டும், வேலையில அப்படி விட முடியாது. 'இன்ஃப்ளேமபிள்'னு எழுதின பீப்பாயைப் பார்த்துட்டு, 'இன்'னா இல்லை, ஆக தீப்பிடிக்காதுன்னு ஒருத்தர் பக்கத்துல வெல்டிங் வச்சா என்ன ஆகும்? அங்க 'இன்' மறுப்பே இல்லை. 'இன்ஃப்ளேம்', அதாவது தீ மூட்டுங்கிற வினையில இருந்து வந்தது. தீப்பிடிக்கும்! இந்த ஆபத்தைப் பார்த்துத்தான் அமெரிக்காவுல தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-கள்லயே 'ஃப்ளேமபிள்'னு மட்டும் எழுதுங்கன்னு சொல்ல ஆரம்பிச்சது. இங்கிலீஷ் தாய்மொழிக்காரங்களே குழம்புறாங்கன்னுதானே மாத்தினாங்க? அப்புறம் தோழரைப் பார்த்து மட்டும் சிரிக்க நமக்கு என்ன உரிமை இருக்கு? சீன எச்சரிக்கைப் பலகையில 'யி ரான்'னு இருக்கும். 'சுலபமா எரியும்'. குழப்பமே இல்லை.

என் முறை எல்லா இடத்துலயும் வேலை செய்யும்னு சொல்லலை. வேலை இல்லாதவர் இங்கிலீஷ்ல 'அன்எம்ப்ளாய்டு', ஆனா சீன மொழியில 'வேலையை இழந்தவர்'னு போகும், அஞ்சு வீட்டுல எதுலயும் அடங்காது. 'அன்பேக்டு' பெட்டின்னா இன்னும் அடுக்காத பெட்டியா, அடுக்கினதை வெளிய எடுத்த பெட்டியா? ரெண்டுமே ஆகலாம். 'அன்லாக்கபிள்' கதவுன்னா பூட்ட முடியாத கதவும் ஆகும், திறக்க முடிஞ்ச கதவும் ஆகும். சுத்தி இருக்கிற வாக்கியம்தான் காப்பாத்தணும். ஆனா ஒண்ணு. பட்டியல் வச்சிருக்கிறவன் அங்க நின்னு யோசிக்கவே மாட்டான், விடை கைவசம் இருக்குன்னு நம்பிப் போயிடுவான். "இது எந்த 'இல்லை'?"ன்னு கேட்டுப் பழகினவன் ஒரு நொடி நிப்பான். அந்த ஒரு நொடிதான் பாடமே.

மொழியைச் சொல்லிக்குடுக்கறவங்க பலபேர் படிக்க வர்றவனோட தாய்மொழியை ஒரு தடையாத்தான் பார்க்கறாங்க. "உங்க மொழியில யோசிக்காதே, இங்கிலீஷ்ல யோசி." நமக்கும் இதையேதான் சொன்னாங்க. நாப்பது வருஷமா யோசிச்ச மொழியை வாசல்ல செருப்பு மாதிரி கழட்டி வச்சுட்டு வரச்சொன்னா, உள்ள வர்றவன் குழந்தையாத்தான் வருவான். பாவம், குழந்தையைப் பார்த்து எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். போன மாசம் இன்னொரு சப்ளையரோட கோப்பு என் மேஜைக்கு வந்துச்சு. சரிபார்ப்புப் பட்டியல்ல டிக் போட்டுக்கிட்டே வந்தேன். தணிக்கை அறிக்கை தலைப்பு 'குவாலிஃபைடு ஒப்பீனியன்'. ம், குவாலிஃபைடு, நல்லது, டிக். அடுத்த பக்கம் திருப்பிட்டேன். கோப்பு ரெண்டாவது பார்வைக்குத் தோழர்கிட்டப் போச்சு. பத்து நிமிஷத்துல என் சீட்டுக்கு வந்து நின்னார். யாருக்கும் கேட்காத குரல்ல, "லாவ்ஷெர், இது 'பாவ்லியூ'. ஒரு 'ஆனா' இருக்கு. நாலாவது பத்தியைப் பாருங்க"ன்னார்.

பார்த்தேன். கிடங்குல இருக்கிற சரக்கு மதிப்பை உறுதி செய்ய முடியலைன்னு தணிக்கையாளர் எழுதியிருந்தார். இவ்வளவு பாடம் நடத்தின எனக்கே கண்ணு வழுக்கிட்டுப் போயிருக்கு! 'லாவ்ஷெர்'னா வாத்தியார்னு அர்த்தம். அன்னிக்கு யார் யாருக்கு வாத்தியார்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லை.

அவர் நினைச்சிருந்தா இதை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாம். சொல்லலை.

பி.கு: உங்க பிள்ளைகளுக்கோ, கூட வேலை செய்யற வெளிநாட்டு நண்பர்களுக்கோ வார்த்தை சொல்லிக்குடுத்த அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. குறிப்பா 'டிஸ்' பத்தி. அதுக்கு எங்க பேப்பர்ல இன்னும் வீடு ஒதுக்கி முடிக்கலை :-)